கூப்பிட்டால் வராத நாய்

என் சித்தப்பாவுக்கு நாய்கள் மேல் பிரியம் இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாறசாலைச் சந்தையில் அவர் மாட்டிறைச்சி விற்றார். கடையில் எலும்பு இருக்கும், எலும்பு இருக்கிற இடத்துக்கு நாய் வரும். வந்த நாய்களை மற்ற கடைக்காரர்கள் கல்லால் எறிந்தார்கள். டீக்கடைக்காரர் வெந்நீரை எடுத்து ஊற்றுவார். அப்படி அடிபட்டும் வெந்தும் கிடப்பவற்றை, கடை அடைத்துத் திரும்பும்போது, சித்தப்பா சைக்கிளின் பின்னால் கட்டியிருக்கும் கடகத்தில் தூக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஏன் என்று கேட்டால், “கடை முன்னால கெடந்து செத்தா யாவாரம் நடக்குமா?” என்பார்.

என்னோடு படித்தவர்களில் மிச்சமிருக்கிற நீங்கள் இதைப் படித்தால் அவரை ஞாபகம் வைத்திருப்பீர்கள். சந்தைக்கு வெளியே நின்றாலே கேட்கும் குரல். இறைச்சியைத் தேக்கிலையில் பொதிந்து வாழைநாரால் ஒரு சுற்றுச் சுற்றி எறிகிற வேகம். அந்தப் பொட்டலம் உங்கள் வீடுகளுக்கும் வந்திருக்கும். ஈரம் பட்ட தேக்கிலை சிவப்பாகச் சாயம் விடும். கையில் ஒட்டியிருப்பது இலையின் சிவப்பா ரத்தமா என்று தெரியாமல் நான் முகர்ந்து பார்ப்பதுண்டு. தேக்கிலையில் பொதிந்த இறைச்சியை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் நினைவு வரவில்லை.

எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வளவில் இருந்தன. கிணறு ஒன்று. கிணற்றுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் சாய்ப்புதான் நாய்களின் ஆஸ்பத்திரி. வைத்தியம் பார்ப்பது சித்தி. ஆத்தச்சக்கை என்று நாங்கள் சொல்லும் சீதாப்பழ மரத்தின் இலையை அம்மியில் அரைத்து, நாயின் தலையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, புண்ணுக்குள் வைத்து அழுத்துவாள். கொஞ்ச நேரத்தில் புழுக்கள் வெளியே வந்து விழும். அந்த இலையின் கசந்த வாசமும் அழுகிய புண்ணின் வாடையும் சேர்ந்த ஒரு நாற்றம் சித்தியின் சேலையில் எப்போதும் இருக்கும். கோயிலுக்கு, அதாவது எங்கள் மிஷன் சபைக்கு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை உடுத்திப் போகும்போதும் இருக்கும். பெஞ்சில் அவள் பக்கத்தில் யாரும் நெருங்கி உட்காரமாட்டார்கள்.

மரச்சீனிக் கிழங்கும் எலும்பு வேகவைத்த தண்ணீரும் கமுகம்பாளையில் ஊற்றிவைப்பார்கள். நாய் தேறி எழுந்தவுடன் சித்தப்பா அதற்கு இடம் பார்க்கத் தொடங்குவார். ஓயாமல் குரைக்கிறவை பொழியூருக்குப் போகும். அங்கே கடற்கரையில் காயப்போட்ட மீனுக்குக் காவல் வேண்டும். குரைக்காமல் கடிக்கிறவை மலையோரத்தில் ஒற்றசேகரமங்கலத்துக் குருமிளகுத் தோட்டங்களுக்கு. ஒன்றுக்கும் உதவாதவை, பக்கத்து ஊரான காரோட்டில் பிள்ளைகள் நிறைந்த வீடுகளுக்கு. “பெண்ணு கெட்டிக் குடுக்குததுக்கு இதுக்க பாதிப் பாடு இல்ல” என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதிப்பார். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போகும்போது எட்டிப்பார்ப்பார். சங்கிலி போட்டுப் பட்டினி போட்டிருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் அவிழ்த்துத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். அந்த வீட்டுக்காரனுக்கு அதன் பிறகு நல்ல இறைச்சி கிடைக்காது.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோதுதான் எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களை மலையாள ஆட்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலங்கள் நடந்தன. கிழக்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு போலீஸ் வீடு வீடாக ஏறி ஆண்களைப் பிடித்தது. என் அப்பா போராட்டம் நடத்திய கட்சிக்காரர். ஒரு மழை நாளில் குடையை விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனவர் திரும்பி வரவில்லை. கிழக்கே சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்று காட்டக்கூடாது என்பதும் தெரியும். அம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டன. ஆட்டையும் கோழியையும் கொண்டுபோனார்கள். நாய்களைக் கட்டியபடி விட்டுவிட்டார்கள். சித்தப்பா சாக்கில் எலும்பைப் போட்டுக்கொண்டு பூட்டிய வீடுகளைத் தேடிப் போவார். சில வீடுகளுக்குப் பிந்திப் போய்விட்டதாகச் சித்தியிடம் சொல்வது கேட்கும்.

வெள்ளை நாய் அப்படி வந்ததுதான். காரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுப் பிலாமரத்தில் கட்டியிருந்தார்களாம். கயிறு கழுத்துத் தோலுக்குள் இறங்கிவிட்டது. வாய்க்கு எட்டுகிற வரைக்கும் மரப்பட்டையைக் கடித்துத் தின்றிருந்தது.

“பின்னால போய் நிண்ணு கூப்பிட்டேன், அசையேல்ல. செத்துப்போச்சுண்ணு நெனச்சேன். முன்னால போனதும் துள்ளி மேல பாயுது” என்றார் சித்தப்பா.

“பட்டினியில தளந்துபோச்சு” என்றாள் சித்தி.

கழுத்துப் புண் ஆறியதும் அது பார்க்க அழகான நாயாகிவிட்டது. உயரம். ஒரு புள்ளி இல்லாத வெள்ளை. யாரைக் கண்டாலும் வளவு அதிரக் குரைக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஏட்டு நாய் கேட்டு வந்தார். அவர் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். வடக்கே எங்கோ பிறந்தவர், மலையாளம்தான் பேசுவார். மனைவி இறந்த பிறகு மெயின் ரோட்டோரத்து வீட்டில் தனியாக இருந்தார். போராட்டம் சூடேறியதிலிருந்து அவர் வீட்டு ஓட்டின்மேல் கல் விழத் தொடங்கியிருந்தது. நல்லபடியாகக் குரைக்கிற நாய் ஒன்று வேண்டும் என்று சித்தப்பாவிடம் மரியாதையாகத்தான் கேட்டார். சித்தப்பாவும் வெள்ளையைக் கொடுத்தார். ஏட்டு அதற்குக் கைசர் என்று பெயர் வைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சந்தை நாளில் ஏட்டு இறைச்சிக்கடைக்கு வந்தார். சித்தி கொடுத்தனுப்பிய சோற்றுப் பாத்திரத்தோடு நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். கடை முன்னால் நல்ல கூட்டம்.

“எடோ, தான் தந்ந பட்டி கொள்ளூல்ல” என்றார் ஏட்டு. “ஞான் எத்ர விளிச்சாலும் வரில்ல. ஒந்நு திரிஞ்ஞு நோக்கத்துமில்ல.” பட்டி என்றால் நாய்; அது சரியில்லை, எத்தனை கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்கிறார்.

சித்தப்பா கத்தியை நிறுத்தவில்லை. வெட்டிக்கொண்டே சொன்னார்: “அது தமிழ்ப் பட்டியாக்கும் ஏட்டு சாரே. நீங்க மலையாளத்துல கூப்பிட்டா எப்பிடி வரும்?”

கூட்டம் மொத்தமும் சிரித்தது. மீன் விற்கிற பெண்கள் வாயில் வெற்றிலையோடு சிரித்தார்கள். ஏட்டு பொட்டலத்தை வாங்காமலே போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சித்தப்பாவின் பேச்சில் அது ஒன்றும் பெரிய காரமான பேச்சு இல்லை. மறுநாள் அவரே அதை மறந்திருப்பார்.

ஊர் மறக்கவில்லை. டீக்கடையில் அதுதான் பேச்சு. ஏட்டு வீட்டு நாய் கட்சியில் சேர்ந்துவிட்டது என்றார்கள். அதற்கு உறுப்பினர் சீட்டு கொடுக்க வேண்டும் என்றார்கள். அடுத்த ஊர்வலம் அவர் வீட்டைத் தாண்டும்போது வாலிபர்கள் நின்று நின்று கத்தினார்கள்: “ஏட்டுக்க பட்டிக்கும் தமிழ்நாடு வேணும்!” வெள்ளை அவர்களைப் பார்த்துப் பாய்ந்து பாய்ந்து குரைத்தது. அதையும் சேர்த்துச் சிரித்தார்கள். ஏட்டு ஜன்னலை உள்ளிருந்து சாத்தினார்.

பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் அவர் வீடு. ஆடாதொடைச் செடி வைத்த வேலி, ஆள் போகும்போது உள்ளே எல்லாம் தெரியும். முதலில் நாய் அவிழ்ந்து திரிந்தது. பிறகு சங்கிலி வந்தது. பிறகு பிரம்பு வந்தது. “கைசர், இவிடெ வா” என்பார். காத்திருப்பார். நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அடி விழும். அடிக்கும்போது அவர் கத்தமாட்டார், அது எனக்கு விசித்திரமாக இருந்தது. எங்கள் வீடுகளில் அடியும் ஏச்சும் சேர்ந்தே வரும். இவர் வேலை செய்கிற மாதிரி அடித்தார்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். ரோட்டில் யாரும் இல்லை. ஏட்டு வாசலுக்கு வந்து ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நான் வேலி ஓரம் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. அவர் நாயின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில், “வா” என்றார். பிறகு, “வாடே. இஞ்ச வா மக்கா” என்றார். தமிழ். எங்கள் தமிழ். யாரிடமோ கேட்டுப் பழகிய மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக எடுத்துவைத்துச் சொன்னார். நாய் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏட்டு இன்னும் ஒரு தடவை கூப்பிட்டார். அப்புறம் பிரம்பை எடுத்தார். அன்றைக்கு விழுந்த அடி மற்ற நாட்களின் அடி மாதிரி இல்லை. நான் ஓடி வந்துவிட்டேன்.

சித்தி அம்மிக்கு முன்னால் இருந்தாள். சொன்னேன்.

“தமிழ்லயா கூப்பிட்டாரு?”

“ஆமா சித்தி. மக்காண்ணு கூப்பிட்டாரு.”

“அப்பவும் திரும்பேல்லியா?”

“இல்ல.”

சித்தி குழவியைப் பிடித்தபடி இருந்தாள்.

அந்த வாரம் ரோட்டோரத்து அம்மன் கோயிலில் திருவிழா. நாங்கள் வேதக்காரர்கள், உள்ளே போவதில்லை. ரோட்டில் நின்று யானை பார்ப்பதை யாரும் குற்றமாகச் சொன்னதில்லை. சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஏட்டு வீட்டுக்கு எதிரில் நின்றாள். யானையைப் பார்க்க அது நல்ல இடமே இல்லை. கோயில் முற்றத்தில் கதினா வெடித்தார்கள். இரும்புக் குற்றிகளில் மருந்து அடைத்து வரிசையாக வைத்துத் தீ வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு அதிரும். ரோட்டில் நின்ற நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு மரச்சீனி விளைகளுக்குள் ஓடின. கைக்குழந்தைகள் அலறின. ஏட்டு வீட்டு முற்றத்தில் வெள்ளை, தரையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் காது மடல்கூட அசையவில்லை. கடைசி வெடி பெரியது. அப்போது மட்டும் தலையைத் தூக்கி, தரையை முகர்ந்துபார்த்துவிட்டு மறுபடி படுத்தது.

“அதுக்குக் காது கேக்காது மக்கா” என்றாள் சித்தி.

வீட்டில் சித்தப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. “செவிட்டுப் பட்டி அந்தக் குரை குரைக்குமா?”

“கண்ணுல ஆளு பட்டா குரைக்கும். கண்ணு நல்லா உண்டுல்லா.”

“எனக்குத் தெரியாத பட்டியா?”

“பிலாவடியில பின்னால போய் நிண்ணு கூப்பிட்டீங்கல்லா. திரும்பிச்சா?”

சித்தப்பா முன்னால் இருந்த சோற்றில் கையை வைத்தார், எடுத்தார். பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, “நான் போய் அதக் கேட்டு வாங்கிட்டு வாறேன்” என்றார்.

அம்மா பதறிப்போனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். “தம்பி, ஒரு பட்டிக்கு வேண்டி எனக்க மாப்பிளையக் காட்டிக்குடுக்கப் போறியா? ஏட்டு இப்பவும் ஸ்டேஷனுக்குப் போய் வாற ஆளாக்கும். அவரு கோவத்துல ஒரு வாக்கு சொன்னா நாளைக்கு இஞ்ச வண்டி வரும்.”

“மைனி, அந்த ஆளுக்கக் கோவம் பூரா நான் உண்டாக்கினதாக்கும்” என்றார் சித்தப்பா. அவர் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை. “அது அடிபடுதது எனக்க வாயினால.”

அவர் போனார். சித்தியும் போனாள். அம்மா தடுத்தும் கேட்காமல் நான் சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

ஏட்டு எங்களை உள்ளே கூப்பிடவில்லை. முற்றத்திலேயே நிறுத்தி வைத்துக் கேட்டார். நாய் செவிடு என்று சித்தப்பா சொன்னதும் அவர் முகம் சிவந்தது.

“தான் பின்னயும் எந்நெ களியாக்கான் வந்நதாணோ?”

“இல்ல சாரே. கர்த்தர் அறிய கேலி பண்ண வரல்ல. தெரியாம செவிட்டுப் பட்டிய உங்களுக்குத் தந்துட்டேன். சந்தையில அண்ணைக்கு சொன்னது எனக்க வாய்க்கொழுப்பு. அதுக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் தெரியாது.”

ஏட்டு உள்ளே போனார். பிரம்பு எடுக்கப் போகிறார் என்று நினைத்து நான் சித்தியின் பின்னால் ஒளிந்தேன். அவர் கொண்டுவந்தது பழைய போலீஸ் விசில். நாய் எங்களைப் பார்த்துக் குரைத்து ஓய்ந்து, முன்காலை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. அந்தக் காலில் பிரம்பு பட்டுத் தோல் உரிந்திருந்தது. ஏட்டு சுற்றிப் போய் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று விசிலை ஊதினார். எதிர்க் கடைக்காரர்கள் போலீஸ் வந்துவிட்டது என்று வெளியே ஓடி வந்தார்கள். தென்னையில் இருந்த காக்கைகள் எழும்பின. நாய் காலை நக்கிக்கொண்டிருந்தது.

குனிந்து, அதன் காதுக்குப் பக்கத்திலேயே வைத்து இன்னொரு தடவை ஊதினார். அவர் மூச்சு பட்டுத்தான் அது திரும்பியது. திரும்பி அவரைக் கண்டதும், இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது.

ஏட்டு விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார். சித்தப்பா சங்கிலியை அவிழ்த்தார். ஏட்டு தடுக்கவில்லை. நாங்கள் வாசலைத் தாண்டும்போதுதான், “ஞான் அறிஞ்ஞில்ல” என்றார்.

சித்தி நின்று திரும்பினாள். “காது கேட்டிருந்தா அடிக்கலாமா சாரே?”

வீடு வந்து சேரும்வரை சித்தப்பா எங்களுக்கு முன்னால் நாயோடு நடந்தார்.

போலீஸ் வண்டி வரவில்லை. எனக்குத் தம்பி பிறந்தான். வெள்ளைக்குச் சித்தி தரையைக் காலால் தட்டிக் கூப்பிடப் பழக்கினாள். இரண்டு தட்டு தட்டினால் திரும்பிப் பார்த்து ஓடிவரும். எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தபோது ஏட்டு எங்கள் இடவழியில் வந்து நிற்கத் தொடங்கினார்.

வெயில் தாழ்ந்த பிறகு வருவார். வேலிக்கு அப்புறம் நின்று எங்கள் வளவைப் பார்ப்பார். யாராவது வெளியே வந்தால் நடந்து போய்விடுவார். அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது: பிள்ளையைப் பார்க்க அப்பா வருவார், அதைப் பார்த்துச் சொல்ல இவரை நிறுத்தியிருக்கிறார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார். ஒரு சொந்தக்காரர் மூலம் கிழக்கே சொல்லி அனுப்பினார்கள், வர வேண்டாம் என்று. தம்பியின் ஞானஸ்நானத்துக்கு அப்பா வரவில்லை. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

ஏட்டு தெரிந்தாலே வெள்ளை விறகுக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடும். அன்றைக்கு முழுவதும் வெளியே வராது, தின்னாது. அதனால் அதைச் சீக்கிரம் அனுப்பிவிட முடிவு செய்தார்கள். செவிட்டு நாயை யார் எடுப்பார்கள் என்று சித்தப்பா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். பொழியூரிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் ஒரு அக்காள் சிரித்துவிட்டாள்.

“கடப்பொறத்துல யாருக்கண்ணே காது கேக்குது? அலை எரைச்சல்ல எனக்க மாப்பிள வள்ளத்துல நிண்ணு தோர்த்துத் துண்ட வீசுவாரு, நான் கரையில நிண்ணு கையக் காட்டுவேன். அப்படித்தான் எங்க பேச்சு. குடுங்க, நான் கொண்டு போறேன்.”

மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கயிற்றின் நுனியை இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் நடந்தாள். வெள்ளை அவளுக்கு முன்னால் போயிற்று.

இரண்டொரு நாள் கழித்து இடவழியில் ஏட்டு என்னை நிறுத்தினார். “மோளே, பட்டி எவிடெ?”

“பொழியூருக்குக் கொண்டுபோனாச்சு.”

அவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு எங்கள் இடவழிக்கு வரவில்லை. அம்மா அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தாள். காவலை மாற்றியிருக்கிறார்கள், வேறு ஆளைப் போட்டிருக்கிறார்கள், அந்த ஆள் யார் என்று தெரியாததுதான் இன்னும் ஆபத்து என்றாள். அப்பாவுக்கு மறுபடியும் சொல்லி அனுப்பினார்கள். நான் ஏட்டு கேட்டதை வீட்டில் சொன்னேன். சும்மா சாக்குக்குக் கேட்டிருப்பார் என்றார்கள்.

பிறகு ஆட்சி மாறியது, வழக்குகளை வாபஸ் வாங்கினார்கள், ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அப்பா ஒரு மத்தியானம் முன்வாசல் வழியாக வந்தார். மெலிந்து, தாடி வைத்து, பல் ஒன்று போய் வந்தார். தம்பி அப்போது சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். எல்லையைப் பிற்பாடு போட்டார்கள். எங்கள் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது, அப்பா அதைப் பற்றிக் கடைசிவரை அதிகம் பேசவில்லை. அது வேறு கதை.

அப்பா வந்த சில நாட்களில், அதுவரை வேறு பக்கம் விற்கப் போய்க்கொண்டிருந்த மீன்கார அக்காள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடையை இறக்கி வைத்து, குழம்பு வைக்க நல்ல சாளை மீன் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவளிடம் சித்தப்பா வெள்ளையைப் பற்றி விசாரித்தார். நன்றாக இருக்கிறது, மீன் காயப்போட்ட இடத்தில் ஒரு காக்கையை இறங்கவிடாது என்றாள். பிறகு சொன்னாள்:

“அண்ணே, ஒரு வயசான ஆளு அதப் பாக்க வாறாரு. பாதி வழி பஸ்ஸு, பாதி நடை. ரொம்ப நாளாட்டு வாறாரு. பழைய போலீசுக்காரராம்.”

சித்தப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். “வந்து என்ன செய்வாரு?”

“ஒண்ணும் செய்யமாட்டாரு. கவுத்துப்போட்ட வள்ளத்துல தூரத்துல இருப்பாரு. எலையில பொதிஞ்சு எறச்சி கொண்டு வருவாரு. போகும்போது மணல்ல வச்சுட்டுப் போவாரு. அவரு கண்ணுல மறையுற வரைக்கும் அது கிட்ட வராது. மறைஞ்ச பொறவு வந்து தின்னும்.”

“ஒரு நாளும் அவருக்கப் பக்கத்துல போகேல்லியா?”

“இல்ல அண்ணே. அவரும் கூப்பிடமாட்டாரு. மொதல்ல ஒங்க வீட்டுப் பக்கந்தான் வந்து பாத்துட்டு இருந்தாராம். பொழியூருக்கு அனுப்பினதா ஒரு பிள்ள சொல்லிச்சாம்.”

சித்தி என்னைப் பார்த்தாள். அம்மா மீன் வாங்க நீட்டிய சட்டியோடு நின்றாள். யாரிடம் என்றில்லாமல், “அப்பம் அவரு இடவழியில வந்து நிண்ணது?” என்றாள்.

உள்ளே அப்பா தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவன் முகம் தெரியாத ஆளிடம் அகப்பட்டுக்கொண்ட மாதிரி அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டிக் கதறிக்கொண்டிருந்தான். அப்பா அவனைக் கீழே இறக்கிவிட்டார்.